ராயப்பராஜ் பூட்டி வைக்கும் கிக்கர்

நல்லுசாமி டெம்போவிலிருந்து பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை இறக்கி ஸ்டாண்டு போடுவதற்குள் ராயப்பராஜ் அதன் கிக்கரைக் கழற்றிவிட்டார். அதைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்துக் கயிற்றில் சிலுவைக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டார். வெகுநாள் கிடந்த வண்டி எது வந்தாலும் முதல் வேலை இதுதான்.

“உதைச்சுப் பாக்காம இருக்க மாட்டானுக அப்பு. படுத்துக் கெடக்குற மனுசன எந்திரின்னு எட்டி மிதிப்பியா?” என்றார் என்னிடம்.

தாடிக்கொம்பு ரோட்டில் என் பஞ்சர் கடையை ஒட்டினாற்போல அவர் மெக்கானிக் கடை. இருபது வருசமாகப் பார்க்கிறேன். வயது அறுபத்து மூன்று. சுத்தியலைக் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டியிருப்பார். கேட்டால், “எட்டுச்சுன்னா எடுத்துருவேன்” என்பார்.

நல்லுசாமி ரெட்டியார்சத்திரம் பக்கம் மல்லிகை போடுகிறவர். வண்டி மாமனார் சீராகக் கொடுத்தது. ஓடாமல் நின்று பதினெட்டு வருசம். சீட்டில் கோழி அடைந்திருக்கிறது. இப்போது அவர் மனைவி சண்முகவள்ளி கெடு வைத்துவிட்டார். “ஒங்கப்பன் குடுத்த ஓட்ட வண்டின்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. வியாழக்கெழமைக்குள்ள அது சத்தம் போடணும். இல்லன்னா வெள்ளிக்கெழம பழைய இரும்புக்குப் போயிரும். அப்புறம் எங்கப்பா பேரு ஒங்க வாயில வரக்கூடாது.”

ராயப்பராஜ் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

“இது வண்டி செஞ்ச வேல இல்லையே. பெட்ரோல்ல ஆயில் கலக்காம ஓட்டுனியா?”

நல்லுசாமி ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உண்மை மெல்ல வந்தது. பூ மூட்டையோடு சந்தைக்கு ஓடிய அவசரத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றியிருக்கிறார். ஊர் வந்து சேருமுன் எஞ்சின் இறுகிவிட்டது.

“வள்ளிகிட்டச் சொல்லிறாதீங்கண்ணே.”

“நான் எதுக்குச் சொல்றேன்?”

பிஸ்டன் உள்ளே பிடித்துக் கிடந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கிய வண்டி. இதற்கு மேல் அளவில் பிஸ்டன் கிடையாது. தட்டி, வளையம் முறிந்து சிலிண்டர் கீறினால் இரும்புக்கடைதான். அவர் டீசலும் ஆயிலும் பாதிப்பாதி கலந்து, காலையும் மாலையும் பிளக் ஓட்டையில் ஒரு கரண்டி விட்டார், கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் மேக்னட் சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை உள்ளங்கையால் அழுத்துவார். கோடு நகர்ந்ததா என்று குனிந்து பார்ப்பார். ஞாயிறு, திங்கள், செவ்வாய். கோடு வைத்த இடத்திலேயே நின்றது.

புதன்கிழமை நல்லுசாமி வந்து நின்றார். “விடிஞ்சா வியாழன். ரெண்டு தட்டு தட்டுங்கண்ணே.”

“எங்க, ஒன் மண்டையிலயா?”

அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். “ஏலே, இங்க வா. நெல்லு அகலம் நகந்துருக்கு பாரு.” நான் பார்த்தேன். நகர்ந்துதான் இருந்தது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தார். பொழுது சாயும்போது பிஸ்டன் கையோடு வந்தது. கருத்துப் போனதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, வளையம் உட்காரும் பள்ளத்தைப் கடையில் கிடந்த வேறொரு பழைய வளையத்தின் ஒடிந்த துண்டாலேயே சுரண்டினார். கத்தி வைக்க மாட்டார். மாட்டும்போது சிலிண்டரின் உள்சுவரில் விரலால் ஆயில் தடவிய பதத்தைப் பார்க்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைக்கிற கை அது.

வியாழன் சாயங்காலம் சண்முகவள்ளி பஸ் பிடித்துத் தானே வந்துவிட்டார். கெடு நாள் அல்லவா. கைகட்டி நின்றார். ராயப்பராஜ் கியர் பெட்டியில் புது ஆயில் விட்டு, பெட்ரோலில் ஆயிலை அளந்து கலந்தார். பெட்டியைத் திறந்து கிக்கரை மாட்டினார். ஒரு மிதி. ஒன்றுமில்லை. இன்னொன்று. இருமியது. மூன்றாவதில் வெள்ளைப் புகை ரோடு முழுக்க அடைத்துக்கொள்ள, வண்டி படபடவென்று பேச ஆரம்பித்தது.

அவர் ஸ்குரூ டிரைவர் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார். சரிதான் என்று தலையை ஆட்டினார்.

“அண்ணே,” சத்தத்துக்கு மேலே கேட்டார் சண்முகவள்ளி, “எங்கப்பா குடுத்தது அம்புட்டு மோசமான வண்டியா?”

நல்லுசாமி ஏற்கெனவே துடைத்திருந்த டேங்கைத் திரும்பவும் துடைத்தார்.

ராயப்பராஜ் வண்டியை அணைத்தார். கிக்கரைக் கழற்றினார். கழிவுத் துணியில் நிதானமாகத் துடைத்தார். நல்லுசாமி கையை நீட்டினார். நீட்டிய கையைத் தாண்டிப் போய், கிக்கரைச் சண்முகவள்ளியின் கையில் வைத்தார். “இது ஒங்ககிட்டயே இருக்கட்டும்மா.”