நடுச்சுவரில் ஒரு பெருச்சாளி

எங்கள் வீட்டு நடுச்சுவருக்குள் ஒரு பெருச்சாளி குடித்தனம் நடத்துகிறது என்று நம்பினேன். சுவரைத் தின்றுவிட்டு, கூரை மச்சின் மண்ணை எங்கள் தலையில் கொட்டிச் சமாதி கட்டப்போகிற பெருச்சாளி. சிரிக்காதீர்கள், சொன்னது என் அண்ணன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், தளி ஊர்ப் பக்கம், ஒரே மண் மச்சு வீட்டின் நடுவே சுவர் எழுப்பி அண்ணனும் நானும் பாகம் பிரித்திருந்தோம். எங்கள் வட்டாரத்தில் அப்படிச் சுவர் எழுப்பும்போதே அடுப்படிக்கு நேராகக் கல் சட்டம் வைத்து, ஒரு கிண்ணம் நுழைகிற அளவுக்கு ஓட்டை விடுவார்கள். நெருப்புக்கங்கும் குழம்பும் அதன் வழியாகப் போய்வரும். போன கிண்ணம் வெறுமனே திரும்பாது. ஒரு பிடி ராகி மாவாவது இருக்கும். நிலம் பிரிந்தாலும் உறவு பிரியவில்லை என்பதற்கு அந்த ஓட்டைதான் சாட்சி. அதை அடைப்பதென்றால் பெரியவர்கள் முன்னால் இரண்டு பேரும் ஆளுக்கொரு கை மண் வைக்க வேண்டும். அதோடு நல்லது கெட்டதுக்கு அழைப்பு நின்றுபோகும்.

அவரைக்காய் சீசன் முடிகிற சமயம். சுவருக்குள் டொக் டொக் என்றது. ஓட்டையிலிருந்து மண் உதிர்ந்து குழம்பில் விழுந்தது.

"அண்ணா, சுவரு வுழுவுது!" என்று ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினேன்.

"பெருச்சாளிடா. பூனையாட்டம் இருக்குது, என் கண்ணால பாத்தேன்."

முதலில் ஊறுகாய் ஜாடியை வாசலில் கொண்டுபோய் வைத்தேன். அடுத்து விளக்குமாறு.

"ஏங்க, ஊறுகா, விளக்குமாறு. நான் எத்தனாவதுங்க?" என்றாள் மனைவி.

பதில் சொல்ல நேரமில்லை. மச்சு இறங்கினால் தாங்குவதற்காக நான் முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றிருந்தேன்.

"முதுகுல சுவரு நிக்காதுடா" என்றார் அண்ணன் ஓட்டை வழியாக. "ஜவளகிரிக்கு, உன் மாமனார் வூட்டுக்குப் போயி நாலு நாள் இரு. நான் பொகை போட்டு வெரட்டிடறேன்."

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கிளம்பும்போது மனைவி ஒரு கிண்ணம் அவரைக்குழம்பை ஓட்டை வழியாகத் தள்ளினாள். அண்ணன் மகளுக்கு அது உயிர்.

ஜவளகிரியில் நான் சொல்லச் சொல்லப் பெருச்சாளி வளர்ந்தது. மாமனாரிடம் கன்றுக்குட்டி அளவு சொன்னேன். அவர் துளியும் நம்பவில்லை.

திரும்பி வந்தபோது சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டையில் எங்கள் கிண்ணம் இருந்தது. கழுவித் துடைத்து, வெறுங்கிண்ணம். அதை எடுத்துவிட்டுக் கையை உள்ளே விட்டேன். கல் தட்டியது. விரலில் ஈரச் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது.

"அண்ணா!" என்றேன்.

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று சொன்னாள்: "நேத்துதான் பர்கூர்க்காரங்க வந்து வெத்தலபாக்கு மாத்திட்டுப் போனாங்க. பொண்ணுக்கு சித்தப்பன் எங்கன்னு கேட்டாங்கப்பா. 'அவனோட போக்குவரத்து இல்ல, பாருங்க ஓட்டைய அடச்சாச்சு'ன்னு உங்கண்ணன் காட்டினாரு. நீ இருந்தா எதையாச்சும் பேசி சிரிப்புக்காட்டி சம்பந்தத்தையே கெடுத்துடுவியாம்."

நான்கு நாட்களுக்கு முன்னால் சுவரை முதுகால் தாங்கியவன் நான் என்பது அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சிரிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

பெருச்சாளி இல்லை. அந்த டொக் டொக், ஓட்டையை அடைப்பதற்காக அண்ணன் தன் பக்கத்துக் கல் சட்டத்தை உளியால் பெயர்த்த சத்தம். நாங்கள் ஜவளகிரியில் இருந்தபோது அவர் மகளுக்கு நிச்சயம் முடிந்துவிட்டது.