பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்

என் வீட்டுக்காரரைக் கொன்றது ஒரு கடைவாய்ப் பல். சொன்னால் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை.

சொத்தைப் பல். கன்னம் பன் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது. பிடுங்கியே ஆகவேண்டும் என்றார் பல் டாக்டர். இவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "பல்லைப் புடுங்கினா கண்ணு பூடும். அப்புறம் தறியில எப்டிக் குந்துறது?" தெருவே அப்படித்தான் நம்பியது. பட்டு இழையோடு காலம் தள்ளுகிறவர்களுக்குக் கண் போனால் சோறும் போச்சு. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்துக்கொண்டு நெய்தார். வீக்கம் தானாக வடிந்தபோது என் மாமியார் கோயிலில் கற்பூரம் ஏற்றினார்.

பிறகு காய்ச்சல், இருமல். சளியில் பிண நாற்றம். எங்கள் பக்கத்து டாக்டர் காசநோய் என்று சொல்லி மாதக்கணக்கில் ஊசி போட்டார். தனித் தட்டு, தனி டம்ளர். தெருக்காரர்கள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். இரண்டு வயது மகளை முசரவாக்கத்தில் என் அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொன்னதும் இவரேதான். "எனக்கு வந்தது அதுக்கு வேணாம்மா." குழந்தை போன பிறகு வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

எலும்பும் தோலுமாக ஆன பிறகு சென்னைக்குக் கொண்டுபோனோம். அங்கேதான் ஒரு டாக்டர் அவரை வாயைத் திறக்கச் சொன்னார். பல்லில் இருந்த சீழ் தூக்கத்தில் நுரையீரலுக்குள் இறங்கிக் கட்டியாகியிருக்கிறது, இது காசநோயே இல்லை, யாருக்கும் ஒட்டாது என்றார். பல்லைப் பிடுங்கினார்கள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நுரையீரல்தான் அழுகிப்போயிருந்தது.

"ரொம்ப லேட்டா வந்துட்டீங்கம்மா" என்றார் டாக்டர்.

ஒட்டாது என்றது மட்டும்தான் இவர் காதில் விழுந்தது போலிருக்கிறது. "கொயந்தைய இட்டுக்கினு வரச் சொல்லு" என்றார். மறுநாள் என் தம்பி தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தான். இவர் மூச்சுவாங்க எழுந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். குழந்தைக்கு அப்பா முகமே மறந்துபோயிருந்தது. வீறிட்டுக் கத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நான் விடாமல் அதன் கைகளைப் பிரித்து அவரிடம் கொடுக்கப் பார்த்தேன்.

"வுடும்மா, பயப்படுது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் குழந்தையைக் கேட்கவே இல்லை. அந்த வாரமே போய்விட்டார்.