பெயர்த்தகட்டில் வெள்ளிக்கிழமைப் புளி

வெண்கலம் சுத்தம் செய்கிற வேலையில் பாதி, கையைச் சும்மா வைத்திருப்பதுதான். இதை எனக்கு முதலில் சொன்னவர் பட்டறை முதலாளி மீரான் பாய். அறுபத்திமூன்று வயதில், தாராவியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று. கடற்படை நினைவுத்தூணிலிருந்து கழற்றிய பன்னிரண்டு பெயர்த்தகடுகள் அப்போது வந்திருந்தன. விளக்கும் செம்பும் தேய்த்தே விரல் தேய்ந்த சகோதரிகளே, சும்மா இருப்பது நமக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாததா!

மூங்கில் குச்சி

பச்சைக் களிம்பை மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்ட வேண்டும். அடியில் இருக்கிற கருப்பைத் தொடக்கூடாது. அது அழுக்கில்லையாம், வெண்கலத்துக்குப் போர்வையாம். முதல் நாள் முழுக்கக் குனிந்திருந்து நான் முடித்தது நாலே நாலு பெயர். பக்கத்தில் வேலை பார்த்த செல்லத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, புது மாப்பிள்ளைக்குப் பல்லு விளக்கி விடுதியளோ?"

பாய் தொழுகைக்குப் போன நேரம்

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டு விளக்கைத் தேய்த்த மிச்சப் புளி முந்தானையில் முடிந்திருந்தது. பாய் தொழப் போயிருந்தார். மூன்றாவது தகடு ஒரே இருட்டாகக் கிடந்தது. கடலில் உயிர்விட்ட பிள்ளைகளின் பெயர் இப்படியா கிடக்கும்? என் பிள்ளைகள் ஆளாகி நல்லபடி இருக்கிறார்கள், மனசு கேட்கவில்லை. முருகா என்று தேய்த்துவிட்டேன்.

பாய் திரும்பியபோது மற்ற பதினொன்றும் கருப்பு, அது மட்டும் பளபளவென்று மின்னியது. எழுத்தும் தேய்ந்திருந்தால் பெயர்களும் போச்சு, பட்டறைக்கு வேலையும் போச்சு. அவர் கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னக்கா செஞ்சிட்டிய! நாளைக்கு கடற்படை சாப் பாக்க வாராரு. இது கடல்ல போனவங்க பேரு, உங்க வீட்டுக் குத்துவிளக்கு இல்ல!"

சாப் வந்தார்

வந்த அதிகாரி செம்பூர்த் தமிழர். பாய் வாய் திறக்குமுன், "நான்தான்யா தேச்சேன், புளி போட்டு" என்று சொல்லிவிட்டேன். அவர் பெயர்ப் பட்டியலை எடுத்தார். தகட்டில் ஒவ்வொரு பெயராக விரலால் தடவி, பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். அவர் விரல் நகர நகர நான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கடைசிப் பெயரும் ஆனதும் பட்டியலை மடித்தார்.

"எல்லாரும் இருக்கா, பயப்படாதீங்கோ. கருப்புப் போனா மறுபடி ஏத்திக்கலாம். பேர் போயிருந்தா நான் எங்க போய்த் தேடறது?"

கந்தக மருந்து தடவி, சூடு காட்டி, மெழுகு பூசி, பாய் பத்து நாளில் கருப்பைத் திரும்ப வரவழைத்தார்.

பதினொரு தகட்டை மூங்கில் குச்சியும் ஒன்றை முருகனும் காப்பாற்றினார்கள். அந்த நினைவுத்தூண் பக்கம் போனால் நின்று பாருங்கள், புளி மட்டும் கொண்டு போகாதீர்கள்.