பித்தளைத் தகடும் இரண்டாவது ஒயரும்

என் ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றின் முதுகிலும் நான்கு திருகுகள். மேல் இரண்டும் கீச்சுச் சத்தத்துக்கு, கீழ் இரண்டும் கனத்த சத்தத்துக்கு. நடுவே ஒரு பித்தளைத் தகடு இரண்டையும் இணைத்துவிடுவதால், ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரே ஜோடி ஒயர் போதும். தகட்டைக் கழற்றிவிட்டு மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி ஒயர் கொடுத்தால் பாட்டு இன்னும் துலங்கும் என்று யூடியூபில் பாதிப் பேர் சத்தியம் செய்கிறார்கள். மீதிப் பேர் சுத்தப் பித்தலாட்டம் என்கிறார்கள்.

புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய் ஒயர் வாங்கிவந்துவிட்டேன். ஆலங்குடியில் ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கிற எனக்கு வேறு என்ன வெட்டி முறிக்கிற வேலை?

சிக்கல் அதற்கப்புறம்தான். இதைச் சோதித்துப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பின்னால் நின்று மாற்ற, இன்னொருவர் கண்ணை மூடிக் கேட்க. முன்பெல்லாம் கேட்பது என் மனைவி. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, "ம்ம், இப்பத்தாங்க நல்லாருக்கு" என்பாள். ஒருநாள் எதையும் மாற்றாமலேயே கேட்டேன். அதற்கும் அதையேதான் சொன்னாள். பிடிபட்டதும், "ஒங்க மொகத்தப் பாத்துட்டு வேற என்னத்தச் சொல்றதாம்?" என்று சிரித்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபின் ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நானே அலைகிறேன். மாற்றிவிட்டு வந்து உட்காருவதற்குள் முந்தைய சத்தம் காதைவிட்டுப் போய்விடுகிறது. புது ஒயர் வாங்கிவந்த அன்று சாயங்காலம் அதைக் கையில் பிடித்தபடி அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டேன். இந்த வித்தியாசமெல்லாம் போனில் கேட்காது என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் முதலில் தகட்டோடும் பிறகு தனி ஒயரோடும் ஒரே பாட்டை ஓடவிட்டேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தாம்ப்பா கேக்குது. சாப்ட்டீங்களா?"

"ஆச்சும்மா. இரு, இன்னொரு தடவ மாத்துறேன்."

போனை நாற்காலியில் வைத்துவிட்டு ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்ச் சும்மா குனிந்து நின்றேன். எதையும் தொடவில்லை. பாட்டை மறுபடி போட்டு, "இப்ப?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "ம்ம், இப்பத்தாம்ப்பா நல்லாருக்கு."

பாட்டை நிறுத்தினேன்.

"அப்ப இதயே வச்சுக்கிறீங்களா?"

"அவசரமில்லம்மா. வர்ற ஞாயித்துக்கெழமையும் கேட்டுட்டுச் சொல்லு."

மறுநாளே புது ஒயரைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டுத் தகட்டை முடுக்கிவிட்டேன். மகளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் கேட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.