கட்சாலில் குளிர்

பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை, வயிறு பற்றி எரிந்தது. எங்கள் தீவுகளின் பருவங்களையும் பழைய கதைகளையும் பற்றி ஒரு புத்தகம் வந்திருந்தது. எழுதியவள் என் சிநேகிதி. மதுரைப் பக்கத்திலிருந்து டீச்சர் வேலைக்கு வந்தவள், வந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. நானோ கட்சால் தீவில் ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். நியாயமாக அதை எழுதியிருக்க வேண்டியது நான்.

எழுதப் போகிறேன், எழுதப் போகிறேன் என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கென்றே ஒரு நோட்டு வாங்கித் தலைப்பும் போட்டு வைத்திருந்தேன். தலைப்போடு சரி.

நாங்கள் இப்போது இருக்கும் புரோத்ராபூரில் மாதம் ஒரு ஞாயிறு, வாசிப்புப் பைத்தியங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். கப்பலில் வரும் தமிழ்ப் புத்தகங்களைக் கைமாற்றிக்கொள்வோம். கடல் மோசமாகிக் கப்பல் தவறினால் பழையதையே மறுபடி படிப்போம். அந்த வருஷம் எல்லார் கையிலும் அவள் புத்தகம்தான். திக்லிபூரிலிருந்து ஒருவர் நாள் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்து அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நெல் நடவு, பாக்கு காயும் முற்றம், ரப்பர் இலை உதிரும் மாசி எல்லாம் அதில் இருந்தன. நன்றாகவும் இருந்தன. அதுதான் ஆத்திரம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்றியிருக்கிறாள் என அம்மாவிடம் பொருமினேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு டீச்சரைப் பிடிக்கும். நான் ஆபீஸ் போன சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் முறை படித்தபோதுதான் ஒரு தப்பு சிக்கியது. மார்கழியில் கட்சாலில் குளிரும் என்றும், லயத்துப் பெண்கள் கம்பளியை எடுத்து வெயிலில் காயவைப்பார்கள் என்றும் எழுதியிருந்தாள். அடிப்பாவி! மார்கழியிலும் முதுகில் வியர்வை ஓடுகிற ஊர் அது. எங்கள் ஆட்கள் இலங்கை மலைத்தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர்கள். அங்கே மழைக்கும் பனிக்கும் போர்த்திய கம்பளியோடு கப்பலேறினார்கள். கட்சாலில் அது எதற்கு? மற்ற வீடுகளில் நாளடைவில் கால்மிதி ஆனது. அம்மா மட்டும் மார்கழி பிறந்ததும் எடுத்துக் காயவைப்பாள், இன்றுவரை. சுனாமியன்று அக்கம்பக்கத்தார் ரேஷன் கார்டோடு மேட்டுக்கு ஓட, அம்மா கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எத்தனை தடவை சிரித்திருப்போம்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, அந்தப் பத்தியை நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.

"கட்சால்லயே குளிர் அடிச்சா, இமயமலைல என்ன டீச்சர், ஃபேன் போட்டுக்குவாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர் மேஜையைத் தட்டி, "சஹி பாத்" என்று இந்தியில் ஆமோதித்தார். டீச்சர் எழுந்தாள். தப்புதான், அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். வாதாடுவாள் என்று நான்கு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் வீண்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடித்தே காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை.

"அவ தப்பா எழுதல புள்ள. குளிருன்னு மட்டும் எழுதுன்னு நாந்தான் சொன்னேன்."

பிறகு மடித்துக்கொண்டிருந்த துணிகளை மடித்தபடியே சொன்னாள். எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்திருக்கிறாள். மலைத்தோட்டத்தில், ஒரு மார்கழியில், எட்டு மாதக் குழந்தையாகக் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். கடைசியாக அவளைச் சுற்றி வைத்திருந்த கம்பளி அது. அந்த மாதம் வந்தால் வெளியே எடுக்காமல் அம்மாவால் இருக்க முடியவில்லை. ஊரெல்லாம் படிக்க வேண்டாம் என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளும் அத்தனை பேர் சிரித்தபோதும் இதைச் சொல்லவில்லை.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். பெற்ற மகள் நானா, அவளா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

"நீங்கல்லாம் அதப் பாத்தாலே சிரிப்பீங்க. அவ எடுத்து மடியில வச்சிக்கிட்டு, இது யாரோடதும்மான்னு கேட்டா."

இப்போது எரிந்ததற்கு முன்னால், புத்தகத்துக்காக எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அக்காவுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. டீச்சருக்குத் தெரியும்.