அறத்தொடு நின்றவள்

தி. நகர் பட்டுக்கடை ஒன்றின் இரண்டாவது மாடியில் மீனாட்சி பதினெட்டு வருஷமாகப் புடவை விற்கிறாள். வயது நாற்பத்தேழு. கே.கே. நகர் வீட்டில் அவளுக்காகக் காத்திருக்க ஒரு ஜீவன் கிடையாது. அந்த வெறுமை தாங்காமல்தான் தபால் வழியில் எம்.ஏ. தமிழ் சேர்ந்தாள். கடையில் தெரிந்தால் கேலி பேசியே கொன்றுவிடுவார்கள் என்று, பக்கத்து கவுன்டர் ஆரோக்கியமேரியிடம் மட்டும் சொன்னாள். யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று மேரியும் மாதா மேல் சத்தியம் செய்தாள்.

மயிலாப்பூரில் வகுப்பு இருக்கும் ஞாயிறுகளில், மேரி தன் லீவை விட்டுக்கொடுத்து இரண்டு கவுன்டரையும் பார்த்துக்கொள்வாள். சூப்பர்வைசர் நல்லசிவத்திடம், "மீனாவுக்குத் தலைவலி சார்" என்று கூசாமல் புளுகுவாள். டீ நேரத்தில் அதற்கான கூலியாகப் தலைவனையும் தலைவியையும் தோழி சேர்த்துவைக்கும் பழைய அகப்பாடல் ஒன்றைக் கதையாகக் கேட்பாள்.

"அந்தத் தோழி பேரு இன்னா?"

"அதுல யாருக்கும் பேரு கிடையாதுடி."

"நல்ல கதையா கீதே! அலைஞ்சி திரிஞ்சி சேத்து வெச்சவளுக்குப் பேருகூட இல்லியா?"

மீனாட்சி நம்பிப் படித்த கைடில் அதற்குப் பதில் இல்லை.

கடைசிப் பரீட்சை ஆடித் தள்ளுபடியின் முதல் ஞாயிறன்று வந்து தொலைத்தது. அன்றைக்கு யாருக்கும் லீவு கிடையாது, வராதவர்கள் திங்கட்கிழமையும் வர வேண்டாம் என்று நல்லசிவம் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகம் கொடுத்த கெடு இதோடு முடிவதால், இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு அவளுக்குக் கிடையாது. வேலையா படிப்பா என்றால், சோறு போடுவது வேலைதான். மீனாட்சி ஹால் டிக்கெட்டை மடித்துப் பர்சுக்குள் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மேரி நேராக நல்லசிவத்தின் முன்னால் போய் நின்றாள்.

"சார், தலைவலின்னு சொன்னதெல்லாம் டூப்பு. அவ எம்.ஏ. படிக்கிறா. நாளைக்குப் பரீட்சை. அவளுக்கும் சேத்து நான் நிக்கிறேன்."

மாடி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நல்லசிவம் மீனாட்சியைக் கைகாட்டி அழைத்தார்.

"எம்.ஏ.வா? ஏம்மா, இத முதல்லயே சொல்லக் கூடாதா? போயிட்டு வாங்க. மூணு மணிக்கு இங்க நிக்கணும்."

மீனாட்சிக்கு அவமானத்தில் காது சுட்டது. "சத்தியம் பண்ணியேடி!" என்று சீறிவிட்டு, கடை முடிந்ததும் மேரியோடு பேசாமலே பஸ் ஏறிப் போனாள்.

மறுநாள் வினாத்தாளின் முதல் கேள்வி: அறத்தொடு நிற்றல் – விளக்குக.

நூறு தடவை மனப்பாடம் செய்த விடைதான். தலைவியின் ரகசியத்தை அதுவரை காத்த தோழி, தக்க சமயம் பார்த்து, அவள் நன்மைக்காகவே அதை வீட்டாரிடம் வெளிப்படுத்துவது. பாதி எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அடிப்பாவி, நேற்று இதைத்தானே மேரி செய்தாள்! மனப்பாடம் செய்த மண்டைக்கு அது ஏன் புரியவில்லை? கண்ணீர் தாளில் விழாதபடி முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுதி முடித்தாள்.

மூன்று மணிக்குக் கடைக்குள் ஓடினாள். கலைந்து கிடந்த புடவைக் குவியலுக்கு நடுவே, வீங்கிய காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றுகொண்டிருந்தாள் மேரி.

"எப்டி எழுதனே?" என்றாள், பயந்துகொண்டே.

மீனாட்சி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு மேரி. நான் நிக்கிறேன்."