மெயின் வால்வை மூடியது யார்?

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் பிளம்பர். அதை மறைக்க மாட்டார், கேட்காதவர்களிடமும் சொல்வார். பன்னிரண்டு வயதில் யாரோ தோண்டிய பள்ளத்தில் இறங்கிக் குழாய் பிடித்தவர். இப்போது அறுபத்து மூன்று. ஊரில் எந்த உயரமான கட்டடத்தைக் காட்டினாலும், "அதுல தண்ணி மேல ஏறுதுன்னா நம்ம கைதான்" என்பார். பாதிக் கட்டடங்களுக்கு அது உண்மை. மீதிக்கு ஆசை.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை விலக்கி, ஸ்டென்ட் என்கிற சின்னக் கம்பி வலையை வைத்தார்கள். படுத்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிளம்பர், "சுவரை உடைக்காம வேலையை முடிச்சிட்டீங்களே, பரவாயில்லை" என்று டாக்டருக்கு நற்சான்று வழங்கினார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், வார்டின் மூலையில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் சிஸ்டரிடம் போகவேண்டும். நோயாளிக்கு வந்தது என்ன, செய்தது என்ன, இனி செய்யவேண்டியது என்ன என்று புரியவைப்பதுதான் அந்த அம்மாளின் வேலை. இரண்டாகப் பிரிகிற பிளாஸ்டிக் இதயம் ஒன்று வைத்திருப்பார். எல்லாம் சொல்லிமுடித்து, "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க" என்பார். சரியாகச் சொல்லாதவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது.

"உங்க ரத்தக்குழாயும் வீட்டுக் குழாய் மாதிரிதான் ஐயா..." என்று வழக்கம்போல் ஆரம்பித்தார் சிஸ்டர்.

பிளம்பர் கையை உயர்த்தினார். "அம்மா, குழாயைப் பத்தி எனக்கா?"

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் ஏழு பேர் காத்திருந்தார்கள். மாத்திரைகளைக் கையில் கொடுத்து, ஒரு நாளும் விடக்கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. அங்கேதான் கோட்டை விட்டார்.

வீட்டில் ஈஸிசேரில் சாய்ந்து பிளம்பர் யோசித்தார். அடைப்பு எடுத்தாச்சு. புதுசு வச்சாச்சு. வேலை முடிந்த குழாயில் தினமும் மருந்து ஊற்றிக்கொண்டிருப்பவன் வேலை தெரியாதவன். பன்னிரண்டாம் நாளோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். "ஏங்க, மாத்திரை போட்டாச்சா?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம், "ஆச்சு ஆச்சு" என்பார்.

பதினைந்தாம் நாள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காத்திருக்கும் பெஞ்சில், செக்கப் முடிந்த ஒரு தையல்காரர் இருந்தார். பிளம்பருக்குப் பக்கத்துக் கட்டில்காரர். அதே வாரம் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். பயந்த சுபாவம். மாத்திரையை நினைத்தாலே தொண்டை அடைக்கிறது என்று புலம்பினார். பிளம்பருக்கு மனம் இளகிவிட்டது. தன் ஞானம் முழுவதையும் அவர் காதில் ஊற்றினார். தையல்காரர் கும்பிடாத குறையாக எழுந்து பஸ் பிடிக்கப் போனார்.

அடுத்து பிளம்பரின் முறை. சிஸ்டர் மாத்திரை அட்டையைக் கேட்டார். மேஜையில் வைத்த அட்டையில் மூன்று நாள் மாத்திரைகள் முழுசாக இருந்தன. முதலில் வாயைத் திறந்தது மனைவி.

"ஆச்சு ஆச்சுன்னீங்களே! எது ஆச்சு?"

"இரு. சிஸ்டருக்கு நான் விளக்கிச் சொல்றேன்" என்றார் பிளம்பர். சொன்னார். தையல்காரருக்குச் செய்த உபகாரத்தையும் விட்டுவைக்கவில்லை.

சிஸ்டரின் முகம் வெளுத்தது. ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்து, அவர் விழுங்கும்வரை பார்த்திருந்தார். டாக்டரைக் கூப்பிட்டு ஈ.சி.ஜி. எடுக்கவைத்தார். நல்லவேளை, கோளாறு இல்லை. பிறகு தையல்காரருக்குப் போன் போட்டார்.

"பிளம்பர் அண்ணனே சொல்லிட்டாருங்க. உங்களைவிட அவருக்குக் குழாய் நல்லாத் தெரியும்" என்றது மறுமுனை.

பிளம்பர் போனை வாங்கினார். "யோவ், சிஸ்டர் சொல்றபடி கேளு."

"பக்கத்துலயே நிக்கிறாங்களா? புரியுதுண்ணே, புரியுது" என்று ரகசியக் குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார் தையல்காரர். அப்புறம் எடுக்கவே இல்லை.

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "ஐயா, ஒரு சந்தேகம். குழாய்ல புது ஜாயிண்ட் ஒட்டினதும் தண்ணியைத் திறந்துவிடலாமா?"

"எந்தப் படுபாவி திறந்தான்? பசை காய வேண்டாமா? மெயின் வால்வை மூடி ஒரு நாளாவது விடணும்!"

"உங்களுக்கு மெயின் வால்வை எப்ப மூடினாங்க?"

பிளம்பர் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"மூட முடியாது ஐயா. உள்ள ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கு. வச்சது வெறும் கம்பி. அதுமேல உங்க சதை படர மாசக்கணக்கு ஆகும். அதுவரைக்கும் ரத்தம் அதுல பட்டு உறைஞ்சா, ஒரே நாள்ல முழுசா அடைச்சிடும். உறையவிடாம பார்த்துக்கறதுதான் இந்த மாத்திரை. டாக்டர் நிறுத்தச் சொல்றவரைக்கும் நிறுத்தக்கூடாது. இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க."

சொன்னார். ஒரு வார்த்தை பிசகவில்லை. சொல்லி முடித்ததும்தான் தையல்காரர் விஷயம் உறைத்தது. "அந்த ஆளு இன்னிக்கு மாத்திரை போட்டிருக்க மாட்டான்" என்று எழுந்தார்.

"ஓடாதீங்க!" என்று மனைவியும் சிஸ்டரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

பிளம்பரும் மனைவியும் ஆட்டோவில் போனார்கள். தையல்காரர் கடையில் சட்டைக்குக் காலர் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மெஷினில்.

"வாங்கண்ணே! தொண்டை எப்படி லேசா இருக்கு தெரியுமா?"

பிளம்பர் நின்றார். அரை நூற்றாண்டில் எந்தக் கட்டடத்திலும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. எந்த இடத்தில் ஒழுகினாலும் சிமெண்ட் மேல், மேஸ்திரி மேல், மழை மேல் பழி போட்டே பழகிய நாக்கு.

"காலையில நான் சொன்னது... தப்பு."

கத்தரி நின்றது.

"இன்னொரு தடவை சொல்லுங்க, சரியா விழல" என்றார் பின்னாலிருந்து பிளம்பரின் மனைவி.

"தப்புடி! தப்பு! போதுமா?" என்றவர், ஜாயிண்ட், பசை, மெயின் வால்வு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். மெஷினில் இருந்த அம்மாள் எழுந்து, தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நின்றாள். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"இப்ப நீ எனக்குச் சொல்லு" என்றார் பிளம்பர்.

"வந்துண்ணே... உள்ள வச்ச லைனிங் துணியோட சேர்ந்து படியறவரைக்கும்..."

"லைனிங் இல்லைய்யா, குழாய்!"

"உங்களுக்குக் குழாய். எனக்கு லைனிங்."

செவ்வாய்க்கிழமை தவறாமல் பிளம்பர் இப்போது அந்த வார்டுக்குப் போகிறார். ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களின் கட்டில் ஓரமாக நின்று, "உங்களுக்கு மெயின் வால்வை யார் மூடினாங்க?" என்று ஆரம்பிப்பார். அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்ததே தான்தான் என்றும் சொல்லிக்கொள்கிறார். சிஸ்டர் அதை மறுப்பதில்லை. வாசலிலேயே நிறுத்தி, முதலில் அவருடைய மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்.